நகரும் அறுவடைக் குழுவும் நிற்கும் சட்டமும்: வட அமெரிக்கக் கோதுமைச் சமவெளியில் தொழிலாளர் பாதுகாப்பின் வரலாறு

முன்னுரை

புலம்பெயர் உழைப்பைப் பற்றி நம் துறையில் நிகழ்ந்துவரும் ஆய்வுகள் பெரும்பாலும் தோட்டத்தை மையமாகக் கொண்டவை. கங்காணி, லயம், தோட்ட மருத்துவமனை, தோட்டப் பள்ளி என அவ்வாய்வுகளில் பயிலும் சொற்களே ஓர் இடத்தைச் சுட்டி நிற்கின்றன. கடல் கடந்து வந்த தொழிலாளி, வந்தபின் ஓரிடத்தில் தங்கினார். அவ்விடத்தைச் சட்டம் சென்று பார்க்க இயன்றது. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, உறைவிடத்தையும் மருத்துவ வசதியையும் தோட்ட நிருவாகத்தின் கடமையாக விதித்தது. அக்கடமை எந்த அளவு நிறைவேறிற்று என்பது வேறு வினா. ஆயினும், விதிக்க முடிந்ததற்கே தொழிலாளர் ஓரிடத்தில் இருந்தமைதான் காரணம் எனலாம்.

அவ்வாறாயின், வாரந்தோறும் இடம் மாறிக்கொண்டே உழைப்பவரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு விடை தேடும் பொருட்டு, வட அமெரிக்கக் கோதுமைச் சமவெளியில் பயிர் முற்றும் வழியே பயணம் செய்து உழைத்த அறுவடைக் குழுக்களின் வரலாற்றை நாம் இக்கட்டுரையில் நோக்குகிறோம். பாதுகாப்பு என்பது இடத்தோடு இணைந்திருக்கலாம், இயந்திரத்தோடு இணைந்திருக்கலாம், உழைக்கும் மனிதரோடும் இணைந்திருக்கலாம். இம்மூன்றில் எது நகரும் தொழிலாளியைப் பின்தொடர்ந்து சென்றது என்பதே நமது ஆய்வுப் பொருள்.

கோதுமை முற்றும் வழி

டெக்சாஸ் மாநிலத்தில் மே மாத இறுதியில் குளிர்காலக் கோதுமை அறுவடைக்கு வருகிறது. ஜூன் மாதத்தில் ஓக்லஹோமா, கேன்சஸ் மாநிலங்களிலும், ஜூலையில் நெப்ராஸ்காவிலும் கதிர் முற்றுகிறது. வசந்த காலத்தில் விதைக்கப்படும் கோதுமை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் டக்கோட்டா மாநிலங்களிலும் கனடாவின் சமவெளியிலும் அறுக்கப்படுகிறது. எனவே தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்பவருக்கு நான்கு மாதங்கள் தொடர்ந்து வேலை உண்டு. ஆனால், எந்த ஓர் ஊரிலும் அவ்வேலை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை.

முற்றிய கோதுமை காத்திருப்பதில்லை. ஆலங்கட்டி மழையோ பலத்த காற்றோ ஒரே மாலையில் ஓராண்டு விளைச்சலை உதிர்த்துவிடும். இவ்வவசரம் அறுவடைத் தொழிலின் இயல்பில் உள்ளது. எந்தக் காலத்திலும் அத்தொழிலில் நேர்ந்த விபத்துகளின் பின்னணியில் இதனைக் காணலாம்.

1870களின் இறுதியிலிருந்து ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தோன்றிய மாபெரும் கோதுமைப் பண்ணைகள் பருவத்திற்கு நூற்றுக்கணக்கானோரை வேலைக்கு அமர்த்தின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறிய, நடுத்தரப் பண்ணைகளும் வெளியாட்களை நம்பியே அறுவடை செய்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளியலாளர் டான் லெஸ்கோகியர், அமெரிக்க வேளாண் துறைக்காக 1919 முதல் 1921 வரை இத்தொழிலாளரிடையே கள ஆய்வு நடத்தினார். 1922, 1924ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய அறிக்கைகள் இத்துறையில் இன்றும் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. பண்ணைக் கூலிகள், நகரத் தொழிலாளர், மாணவர், வேலையிழந்தோர் எனப் பலதரப்பட்டோர் இக்கூட்டத்தில் இருந்தனர் என்பதை அவை காட்டுகின்றன.

சரக்கு இரயிலில் தொடங்கிய ஆபத்து

இத்தொழிலாளருக்கு ஆபத்து வயலில் தொடங்கவில்லை. வயலுக்குச் செல்லும் வழியிலேயே தொடங்கியது. பயணச்சீட்டுக்குப் பணமில்லாதோர் சரக்கு இரயில்களில் ஏறிச் சென்றனர். பெட்டியின் கூரைமீதும், பெட்டிகளுக்கு இடையிலும், சில வேளைகளில் அடிப்பகுதியில் உள்ள இரும்புக் கம்பிகளின்மீதும் படுத்துப் பயணம் செய்தனர். 1901 முதல் 1905 வரையிலான ஐந்தாண்டுகளில் அமெரிக்க இரயில் தடங்களில் அனுமதியின்றிச் சென்றோருள் ஏறத்தாழ 24,000 பேர் மாண்டனர். இவர்கள் அனைவரும் அறுவடைத் தொழிலாளர் அல்லர். எனினும், அறுவடைக்குச் சென்றோர் எத்தகைய வழியில் சென்றனர் என்பதை இவ்வெண்ணிக்கை உணர்த்துகிறது.

பருவம் முடிந்து கூலியுடன் திரும்புவோரைத் துப்பாக்கி முனையில் கொள்ளையிடும் கூட்டங்களும் அவ்விரயில்களில் இருந்தன. ஊருக்குள் இறங்கினாலோ, வேலையின்றித் திரிதல் குற்றமெனக் கூறும் சட்டத்தின்கீழ்ச் சிறையிடப்படும் அச்சம் இருந்தது. கோதுமை முற்றிய வாரத்தில் வரவேற்கப்பட்ட அதே மனிதர், அறுவடை முடிந்த மறுவாரம் குற்றவாளியாகக் கருதப்பட்டார். சட்டம் இத்தொழிலாளியை முதன்முதலாகச் சந்தித்தது காப்பதற்காக அன்று, அப்புறப்படுத்துவதற்காகவே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

கதிரடிக்கும் களம்

வயலில் அவர்களுக்காகக் காத்திருந்தது நீராவியால் இயங்கும் கதிரடிக்கும் இயந்திரம். நீராவி எந்திரத்தின் தீப்பொறி வைக்கோலில் பற்றாதிருக்க, எந்திரத்தைத் தொலைவில் நிறுத்தி நீண்ட வார்ப்பட்டையால் கதிரடிக்கும் இயந்திரத்தோடு இணைத்தனர். மூடாக்கின்றித் திறந்தவெளியில் ஓடிய அப்பட்டை, கையையோ சட்டையையோ பற்றினால் ஆளையே இழுத்துக்கொள்ளும். கொதிகலனில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டால் அது வெடித்துச் சிதறும். கதிர்க்கட்டுகளை இயந்திரத்தின் வாயில் ஊட்டுபவர் சுழலும் கத்திகளுக்கு மிக அருகில் நின்றார்.

தூசியும் ஓர் ஆபத்தாக இருந்தது. பசிபிக் வடமேற்கு மாநிலங்களில் கரிப்பூட்டை நோய் தாக்கிய கோதுமையை அடித்தபோது எழுந்த கரிய பொடி, இயந்திரத்தில் தோன்றும் நிலைமின்னால் தீப்பற்றி வெடித்தது. 1914ஆம் ஆண்டுப் பருவத்தில் இத்தகைய வெடிப்புகளும் தீவிபத்துகளும் மிகுந்தமையால் வேளாண் துறை அதனை ஆராய்ந்தது. இயந்திரத்தின் உலோகப் பகுதிகளைக் கம்பியால் இணைத்து நிலத்தில் ஊன்றினால் மின்னூட்டம் வடிந்துவிடும் என்னும் எளிய தீர்வும் கிடைத்தது. எரிந்து போனவற்றுள் இயந்திரமும் தானியமும் இருந்தமை, அரசின் கவனம் விரைந்து திரும்புவதற்கு ஒரு காரணம் எனலாம். வார்ப்பட்டையில் கை இழந்தவருக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. 1911 முதல் பல மாநிலங்கள் இயற்றிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களுள் பெரும்பாலானவை பண்ணைத் தொழிலாளரை விலக்கியே வைத்தன.

பத்து மணிநேரக் கோரிக்கை

இந்நிலையில் பாதுகாப்பைத் தாமே அமைத்துக்கொள்ளும் முயற்சி தொழிலாளரிடமிருந்து எழுந்தது. 1905இல் சிக்காகோவில் தோன்றிய ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்னும் தொழிற்சங்கம், 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கேன்சஸ் சிட்டியில் வேளாண் தொழிலாளர் அமைப்பைத் தோற்றுவித்தது. வால்ட்டர் நெஃப் அதன் செயலாளரானார். அலுவலகத்தில் அமர்ந்து உறுப்பினரை எதிர்பார்க்கும் வழக்கத்தை அவ்வமைப்பு கைவிட்டது. அறுவடைத் தொழிலாளருள் ஒருவரே பிரதிநிதியாகி, உறுப்பினர் அட்டைகளையும் சந்தா முத்திரைகளையும் பையில் சுமந்துகொண்டு, இரயிலிலும் முகாமிலும் களத்திலும் ஆள் சேர்த்தார். நகரும் தொழிலாளிக்கு நகரும் சங்கம் என்பதே அதன் அடிப்படை.

அவ்வமைப்பு முன்வைத்த கோரிக்கைகள் ஐந்து: பத்து மணிநேரத்திற்கு மேற்படாத வேலைநாளுக்குக் குறைந்தது 3 டாலர் கூலி, மிகைநேரத்திற்கு மணிக்கு 50 சென்ட், நல்ல, தூய்மையான உணவு, தூய்மையான போர்வைகளுடன் உறங்குமிடம், சங்க உறுப்பினரிடம் பாகுபாடு காட்டாமை. இவற்றைக் கூலிக் கோரிக்கைகளாக மட்டும் காண்பது வழக்கம். பாதுகாப்பு என்னும் சொல்லே இப்பட்டியலில் இல்லை. ஆயினும், விடியற்காலை முதல் இருட்டும்வரை சுழலும் பட்டையருகே நிற்பவருக்குப் பத்து மணிநேர வரம்பும் உறக்கமுமே முதற்பாதுகாப்பு என நாம் கருதுகிறோம். களைத்த கைதான் இயந்திரத்தில் சிக்குகிறது.

வழிப்பயணத்திலும் சங்கம் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியது. அதன் சிவப்பு உறுப்பினர் அட்டையை மதித்துப் பல இரயில் ஊழியர் தொழிலாளரைத் தடையின்றி ஏறவிட்டனர். கொள்ளையரும் சூதாடிகளும் இரயில்களிலிருந்து விரட்டப்பட்டனர். இதன் மறுபக்கத்தையும் சொல்லுதல் வேண்டும்: அட்டை இல்லாதோரைச் சில வேளைகளில் வலிந்து இறக்கிவிட்டதும் உண்டு. குழு தன் உறுப்பினரைக் காத்தது. காப்பின் எல்லையையும் அதுவே வகுத்தது.

இம்முயற்சி நீடிக்கவில்லை. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபின், 1917 செப்டம்பரில் நாடெங்கும் சங்க அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன. 1918இல் சிக்காகோவில் நடந்த வழக்கில் தலைவர்கள் தண்டனை பெற்றனர். கேன்சஸ் மாநிலம் 1920இல் இத்தகைய சங்க நடவடிக்கையைக் குற்றமாக்கும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ், அறுவடைப் பகுதியில் ஆள் சேர்த்தமைக்காக 1923இல் கைதான ஹெரால்டு ஃபிஸ்கே என்பவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1927இல் நீக்கியது. அத்தீர்ப்பு பேச்சுரிமை வரலாற்றில் இடம்பெற்றது. ஆனால், அதற்குள் சமவெளியின் அறுவடையே உருமாறத் தொடங்கியிருந்தது.

அறுவடைப் படையும் குடும்பக் குழுவும்

கதிரை அறுத்து, அடித்து, தூற்றும் மூன்று வேலைகளையும் ஒருசேரச் செய்யும் கூட்டு அறுவடை இயந்திரம் முதல் உலகப்போருக்குப் பின் சமவெளியில் பரவியது. இருபது பேர் செய்த வேலையை இரண்டு மூன்று பேர் செய்தனர். 1930களின் இறுதிக்குள் சரக்கு இரயிலில் வந்த பெருங்கூட்டம் மறைந்தது. ஆட்கள் பயணம் செய்த வழியில் இனி இயந்திரங்களே பயணம் செய்தன.

இம்மாற்றத்தின் திருப்புமுனை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேர்ந்தது. இரும்பு பங்கீடு செய்யப்பட்ட நிலையில், மாஸி–ஹாரிஸ் நிறுவனம் தானே இயங்கும் கூட்டு அறுவடை இயந்திரங்கள் 500ஐக் கூடுதலாகச் செய்ய 1944இல் அரசின் இசைவைப் பெற்றது. அவற்றை வாங்குவோர் ஒவ்வொருவரும் 2,000 ஏக்கர் அறுத்துத் தருவதாக உறுதியளித்தல் வேண்டும். 'அறுவடைப் படை' எனப் பெயர்பெற்ற இக்குழுக்கள் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சென்று, பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்தன. கூலிக்கு அறுவடை செய்து தரும் பயணக் குழு என்னும் தொழில் இதன்பின் உறுதியாக வேரூன்றியது.

இன்று அக்குழு பெரும்பாலும் ஒரு குடும்பத்தைச் சுற்றி அமைகிறது. உரிமையாளரே ஓர் இயந்திரத்தை ஓட்டுவார், வீட்டார் சமைப்பர், பிள்ளைகள் தானிய வண்டியைக் கையாள்வர், பணியாளர் சக்கர வீடுகளில் உடன் தங்குவர். உள்நாட்டு இளைஞர் குறைந்தமையால், 1986ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் அமைந்த எச்–2ஏ விசாவில் தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். சரக்கு இரயிலின் தனியர் மறைந்து, ஒரே மேசையில் உண்ணும் சிறு குழு தோன்றியது. இது பல வகையில் மேம்பட்ட நிலை. ஆனால், முதலாளியும் மேற்பார்வையாளரும் வீட்டுக்காரரும் ஒருவரேயான இடத்தில், மறுத்துப் பேசுதல் எளிதன்று என்பதும் உண்மை.

இன்றைய ஆபத்துகளும் தற்காப்பும்

இயந்திரம் மாறியதும் ஆபத்தும் இடம் மாறியது. வழக்கமான டிராக்டரின் பின்தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழல்கிறது. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. அதில் சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமில்லை. ஆகவே தொளதொளப்பான உடை கூடாது. தண்டின் மூடாக்கைக் கழற்றுதல் கூடாது. அறுவடை இயந்திரத்தின் வாயில் வைக்கோல் அடைத்துக்கொண்டால், எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு, சுழலும் உறுப்புகள் யாவும் ஓய்ந்தபின்னரே கைவைத்தல் வேண்டும். உயர்த்திய வெட்டுமுகப்பின் அடியில் செல்லுமுன் அது தாழாதிருக்கப் பூட்டு இடுதல் வேண்டும். தானியம் கொட்டும் நீண்ட குழாயை மடக்காமல் நகர்ந்தால் மேலே செல்லும் மின்கம்பியில் படும். சூடான புகைபோக்கியைச் சுற்றிப் படியும் பதரை அன்றாடம் அகற்றாவிடில் இயந்திரமே தீப்பற்றும்.

இவற்றினும் அஞ்சத்தக்கது தானியக் குதிர். அடியிலிருந்து தானியம் வெளியேறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் நிற்பவர் நான்கைந்து விநாடிகளில் முழங்கால் அளவு புதைந்து நகர முடியாதவராகிறார். ஏறத்தாழ இருபது விநாடிகளில் முற்றிலும் மூழ்குகிறார். புதைந்தவரை வெறுங்கையால் இழுத்தெடுக்க இயலாது. தானியம் அவரை எல்லாப் பக்கமும் அழுத்திப் பிடிக்கிறது. காப்பாற்றக் குதிப்பவரும் மூழ்குவதுண்டு. வெளியேற்றும் திருகை நிறுத்திப் பூட்டிய பின்னர், இடுப்பு வார் கட்டி, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குவதே முறை. பர்டியூ பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாகத் தொகுத்துவரும் பதிவுகளின்படி, 2010ஆம் ஆண்டில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சிக்கினர். அவ்வாண்டு ஜூலையில் இல்லினாய் மாநிலக் குதிர் ஒன்றில் மாண்ட இருவருள் ஒருவருக்கு வயது 14.

நெடுஞ்சாலையும் ஓர் ஆபத்துக் களமே. சாலையின் அகலத்தை அடைத்துக்கொண்டு மெல்ல ஊரும் இயந்திரத்தைப் பின்னால் விரைந்து வருவோர் உணர்ந்துகொள்ள வேண்டும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் வடிவமைத்த செம்மஞ்சள் முக்கோண அடையாளம் இதற்கெனவே தோன்றியது.

சட்டத்தின் வேலி

சட்டம் இக்குழுவை எவ்வாறு நடத்தியது? 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கம் அமைப்போருக்கு அளித்த பாதுகாப்பிலிருந்து பண்ணைத் தொழிலாளரை விலக்கியது. 1938ஆம் ஆண்டு நியாயத் தொழில் நிலைச் சட்டமும் அவ்வாறே. குறைந்தபட்சக் கூலி 1966இல் பெரிய பண்ணைகளுக்கு விரிவாக்கப்பட்டது; மிகைநேர ஊதிய விதி விரிவாக்கப்படவில்லை. 1915இல் கேன்சஸ் சிட்டியில் எழுந்த பத்து மணிநேரக் கோரிக்கைக்கு நூறாண்டுகளுக்குப் பின்னும் கூட்டரசுச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

1970ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வுச் சட்டம் பண்ணைகளையும் உள்ளடக்கியது. ஆயினும், பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவானோரை அமர்த்தி, தற்காலிகத் தொழிலாளர் முகாம் நடத்தாத பண்ணைகளில் அதனைச் செயற்படுத்த நிதி செலவிடலாகாது என 1976 முதல் ஆண்டுதோறும் நாடாளுமன்றம் விதித்து வந்துள்ளது. 1977 டிசம்பரில் லூயிசியானா மாநிலத்தின் வெஸ்ட்வீகோ தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் மாண்டனர். அக்காலத்து வெடிப்புகளின் விளைவாக 1987இல் வந்த தானியக் கையாளுகை விதிகள் வணிகக் கிடங்குகளைக் கட்டுப்படுத்தின; பண்ணையில் உள்ள குதிரை அவை தொடவில்லை. ஒரே கோதுமை, ஒரே ஆபத்து. வேலியின் இப்பக்கம் விதி உண்டு, அப்பக்கம் இல்லை. கனரக வாகன ஓட்டுநரின் தகுதி பற்றிய கூட்டரசு விதிகளும், கூலி அறுவடைக் குழுவின் ஓட்டுநருக்கு வெளிப்படையாகவே விலக்கு அளிக்கின்றன. பண்ணைகளில் சிறார் செய்யலாகாத வேலைகளை விரிவாக்கும் திட்டத்தைத் தொழில் துறை 2011இல் முன்வைத்து, குடும்பப் பண்ணையாளரின் எதிர்ப்பால் 2012இல் மீட்டுக்கொண்டது.

நம் வயல்களோடு ஓர் ஒப்பீடு

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. கெடா மாநிலத்தின் முடா சமவெளியில் ஒருகாலத்தில் கிளந்தானிலிருந்தும் தென் தாய்லாந்திலிருந்தும் நெல்லறுக்க ஆட்கள் வந்தனர். 1970களில் கூட்டு அறுவடை இயந்திரம் புகுந்து, 1980 அளவில் அங்கு விளைந்த நெல்லில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அறுத்தது என ஜேம்ஸ் ஸ்காட் 1985இல் வெளியிட்ட நூல் காட்டுகிறது. தமிழகத்திலும் சேலம், நாமக்கல், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து காவிரிப் படுகைக்கு அறுவடை இயந்திரங்கள் லாரியில் ஏறிப் பருவந்தோறும் செல்கின்றன. முடா ஆய்வுகள் வேலையிழந்தோரைப் பற்றி நிறையப் பேசின, அது தேவையே. இயந்திரத்தோடு ஊர் ஊராகச் செல்லும் ஓட்டுநரையும் உதவியாளரையும் பற்றிய ஆய்வு அரிது.

இந்திய நாடாளுமன்றம் 1983இல் இயற்றிய ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இங்கு நினைவுகூரத்தக்கது. பசுமைப் புரட்சியின்போது விசைக் கதிரடிப்பானில் கைகளை இழந்தோர் பலர். அச்சட்டம் வயலைக் கண்காணிக்க முற்படவில்லை. இயந்திரத்தைச் செய்வோர், விற்போர் மீது கடமையை விதித்து, இழப்பீட்டுக்கும் வழிசெய்தது. இடத்தைத் துரத்த இயலாத சட்டம் இயந்திரத்தோடு பயணம் செய்ய முயன்றதற்கு இஃது எடுத்துக்காட்டு. செம்மஞ்சள் முக்கோணமும் இவ்வகையினதே.

முடிவுரை

இடத்தோடு இணைந்த பாதுகாப்பு நகரும் குழுவை அடையவில்லை என்பதை மேற்கூறிய சான்றுகள் காட்டுகின்றன. இயந்திரத்தோடு இணைந்த பாதுகாப்பு ஓரளவு அடைந்தது. மூடாக்கும் பூட்டும் எந்த மாநிலத்திலும் மூடாக்கும் பூட்டுமே. ஆனால், மூடாக்கைக் கழற்றாமல் வைப்பதும், சாவியை எடுத்துக்கொண்டு காத்திருப்பதும், திருகு நிற்கும்வரை குதிரில் இறங்க மறுப்பதும் மனிதரின் செயல்கள். மேற்கில் கருமேகம் திரண்டிருக்க, வயலில் பாதிக் கோதுமை நிற்க, 'நிறுத்துங்கள்' எனச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதே முடிவான வினா. 1915இன் தொழிலாளர் அவ்வுரிமையைக் கூட்டாகக் கேட்டனர். எச்–2ஏ விசாவோ தொழிலாளியை ஒரே முதலாளியோடு பிணைக்கிறது. அவரிடம் ஊதியம் மட்டுமன்றி, நாட்டில் தங்கும் உரிமையும் தங்கியுள்ளது. பாதுகாப்பு விதிகளை அவருக்குக் கற்பிப்பது இன்றியமையாதது. அவ்விதிகளின்படி நடந்தமைக்காக அவர் வேலை இழக்கமாட்டார் என்னும் உறுதி அதனினும் இன்றியமையாதது.

நம் புலம்பெயர்வு ஆய்வுகள் லயத்தையும் தோட்டத்தையும் ஆராய்ந்த அதே நுணுக்கத்தோடு, ஓரிடத்தும் தங்காத இத்தொழிலாளரையும் ஆராய முற்படுதல் வேண்டும். அவர்களைப் பற்றிய பதிவு எந்த ஓர் ஊரின் ஆவணத்திலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. அவர்கள் சென்ற வழியே நாமும் சென்று தொகுத்தால்தான் அவ்வரலாறு உருப்பெறும்.